பின்சீப் யார் ஐயா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சொல்லாராய்ச்சிப் பகுதியில், முன்னால் உட்காரும் சீஃப்தான் முன்சீப் ஆனார் என்று ஒரு வரி கண்டேன். சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்பேன், நான் கிராம முன்சீப்பின் மகனாக இல்லாதிருந்தால். சரி, அப்போது பின்சீப் யார்? எங்கள் ஊர்க் கணக்கு எழுதிய கர்ணமா? அவர் காதில் விழுந்திருந்தால் அப்பாவோடு இன்னொரு சண்டை மூண்டிருக்கும்.

முன்சிஃப் அரபுச் சொல் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. நீதி செய்பவர் என்று பொருள். பாதியைக் குறிக்கும் 'நிஸ்ஃப்' அதே வேரில் பிறந்தது. உருதுக்காரர்கள் நியாயத்துக்குச் சொல்லும் 'இன்சாஃப்' கூட அப்படித்தான். 1816-ல் சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கும்பினியார் ஊர்த் தலைவர்களையே முன்சீப் ஆக்கி, 10 ரூபாய் வரையிலான வழக்கைத் தீர்க்கலாம் என்று விதி செய்தார்கள். இதில் சீஃப் எங்கே வந்தார்? மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளைக்கு மேலேயே ஜில்லா ஜட்ஜ் இருந்தாரே!

அப்பாவுக்கு அரபு தெரியாது. ஆனால் வரப்புத் தகராறு என்று அண்ணன் தம்பி வந்தால், இருவரையும் ஒரே திண்ணையில் உட்காரவைத்து, ஒருவன் பேசிய அளவுக்கு மற்றவனையும் பேசவிடுவார். அந்தப் பாதிக் கணக்கைக் கண்ணால் பார்த்தவன் நான். (நிலவரிக் கிஸ்தி வசூலுக்குப் போனால் அதே ஆட்கள் கதவைத் திறக்கமாட்டார்கள், அது வேறு கதை.) 1980-ல் கிராம முன்சீப் பதவியை ஒழித்தார்கள். 1982-ல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றுவிட்டது. அப்பா கணக்குகளைக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்து படுத்தவர், இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. 'முன்சீப் வீடு' என்ற பெயர்தான் எங்களுக்கு மிஞ்சியது. அதையும் இப்போது கேலிப்பொருளாக்கியிருக்கிறீர்கள்.

முன்பொருமுறை கர்ணத்தையும் முன்சீப்பையும் ஒரே ஆளாக்கிக் கட்டுரை போட்டீர்கள். கடிதம் எழுதினேன், வெளியிடவில்லை. அப்புறம் குறுக்கெழுத்தில் 'பெருநிலக்கிழார்' என்று குறிப்புக் கொடுத்து, விடையாக 'ஜாமீன்தார்' என்று அச்சிட்டீர்கள். ஒரு கால் கூடிப்போனதில், பாவம், ஜமீன்தார் யாருக்கோ பிணை நிற்கும்படி ஆயிற்று. அதற்கும் எழுதினேன். பதில் இல்லை. சந்தா முடியப்போகிறது என்ற நினைவூட்டல் மட்டும் தவறாமல் வருகிறது.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போதும். கட்டம் கட்ட வேண்டாம். இடமிருந்தால் அந்தக் கர்ணம் விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
முன்சீப் வீட்டுச் சந்தாதாரர்