மூன்று சுற்று மிச்சமிருந்தபோது: நாஸ்கார் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

நாஸ்கார் நிர்வாகத்தில் பொறுப்பு வகிக்கும் அனைவருக்கும்,

வணக்கம்.

வட கரோலினாவின் கான்கார்ட் நகரில் 2014 முதல் குடியிருக்கும் தமிழன் நான். நீங்கள் கார் பந்தயம் நடத்தும் சார்லட் பந்தயத் திடல் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. மே மாதக் கடைசியில் 600 மைல் பந்தயம் நடக்கும் ஞாயிறன்று எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்றாலே எஞ்சின் இரைச்சல் காதில் விழும். வந்த புதிதில் அது எனக்கு வெறும் இரைச்சல். அதைக் கேட்கக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். கார் பட்டறையில் நாற்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். அவரால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் நீங்கள் நடத்தும் ஸ்டாக் கார் பந்தயத்துக்கு, சாலைக் கார் வடிவில் கட்டிய பந்தயக் கார்கள் ஓடும் பந்தயத்துக்கு, அடிமையானேன்.

உங்களுக்கு ஆங்கிலத்தில் எத்தனையோ பேர் எழுதியிருப்பார்கள். எனக்கு மனம் நொந்தால் தமிழில்தான் சொல்ல வருகிறது. இங்கே இந்த விளையாட்டைப் பின்தொடரும் தமிழர்கள் சிலரும் இதைப் படிக்கட்டும்.

2025 நவம்பர் 2 அன்று பீனிக்ஸில், ஆண்டின் கடைசிப் பந்தயத்தில், நடந்ததை நீங்கள் மறந்திருக்க முடியாது. ஆனாலும் அது ஒரு ரசிகனின் வீட்டுக் கூடத்தில் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். ஆண்டு முழுவதும் 36 பந்தயங்கள் நடந்தாலும், உங்கள் விதிப்படி கடைசிப் பந்தயத்துக்கு மிஞ்சிய நால்வரில் அன்று முன்னே முடிப்பவருக்கே ஆண்டின் பட்டம். டென்னி ஹேம்லின் முதலிடத்திலிருந்து புறப்பட்டார். 312 சுற்றுகள் கொண்ட பந்தயத்தில் 208 சுற்றுகள் அவரே முன்னணியில் ஓடினார். வயது 44. முழுநேர ஓட்டுநராக 20 ஆண்டுகள், 60 வெற்றிகள், தொடரின் மிகப் பெரிய பந்தயமான டேடோனா 500 மூன்று முறை. பட்டம் மட்டும் ஒருமுறைகூடக் கையில் சேரவில்லை. மகனைப் பந்தயத்தில் ஓட்டவைப்பதற்காக வீட்டை அடமானம் வைத்த பெற்றோரின் பிள்ளை அவர். உடல்நலம் குன்றியிருந்த தந்தை பார்க்கும்படியாக ஒரு பட்டம் வாங்க வேண்டும் என்பதே அவருடைய ஆசை என்று இந்த வட்டாரத்தில் எல்லோரும் அறிவார்கள்.

மூன்று சுற்று மிச்சமிருந்தபோது வில்லியம் பைரனின் டயர் போனது. அவருடைய கார் சுவரில் மோதியது. எல்லோரும் வேகத்தைக் குறைத்து வரிசையில் செல்ல வேண்டும் என்ற மஞ்சள் கொடி விழுந்தது. டயர் மாற்றும் இடமான பிட்டுக்குள் எல்லோரும் வந்தார்கள். ஹேம்லினின் அணி நான்கு டயர்களையும் மாற்றியது. அந்த நால்வரில் இன்னொருவரான கைல் லார்சனின் அணி, நேரத்தை மிச்சப்படுத்த இரண்டை மட்டும் மாற்றியது. மிச்சமிருந்தது இரண்டே சுற்று ஓவர்டைம், அதாவது பந்தயத்தை முடிக்கக் கூடுதலாக ஓட்டும் சுற்றுகள். கூட்டத்தின் நடுவில் சிக்கிய ஹேம்லின் ஆறாவதாக முடித்தார், லார்சன் மூன்றாவதாக. பந்தயத்தை வென்ற ரயன் பிளேனி அந்த நால்வரில் ஒருவரே அல்ல. அன்று ஒரு சுற்றுகூட முன்னணியில் ஓடாத லார்சன் அந்த ஆண்டின் சாம்பியன் ஆனார்.

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய்க் காப்பிக் கோப்பையைக் கழுவினார். கழுவிய கோப்பையையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தார். அவர் ஹேம்லினின் ரசிகரும் அல்ல. பல ஆண்டுகள் அவரைத் திட்டிக்கொண்டே பந்தயம் பார்த்தவர்.

லார்சன் மீது எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. இரண்டு டயர் போதும் என்ற அவருடைய அணியின் முடிவு துணிச்சலானது. ஒரு சுற்றுகூட முன்னணியில் ஓடவில்லை என்பதைப் பட்டம் வாங்கிய கையோடு அவரே சொன்னார். வென்றவர் தன் வெற்றிக்குச் சமாதானம் சொல்ல வேண்டிய நிலை வந்தது. அவருக்கும் அன்று நீங்கள் ஒரு குறையைத்தான் கொடுத்தீர்கள்.

முந்தைய நாள் சனிக்கிழமை நடந்ததும் இதே கதைதான். இரண்டாம் நிலைத் தொடரில் 19 வயதுக் கானர் ஸிலிஷ் அந்த ஆண்டு 10 பந்தயங்களை வென்றிருந்தார். ஆகஸ்டில் ஒரு வெற்றிக் கொண்டாட்டத்தின்போது கீழே விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டு, அதன் பிறகும் வந்து வென்றவர். அதுவரை ஒரே ஒரு வெற்றி பெற்றிருந்த ஜெஸி லவ் அன்று நன்றாக ஓட்டிக் கடைசிப் பந்தயத்தை வென்றார். பட்டமும் அவருடையதானது. ஒன்பது மாத உழைப்பு ஒரு மாலையில் இல்லாமல் போனது. வெள்ளிக்கிழமை மூன்றாம் நிலையான ட்ரக் தொடரில், 25 பந்தயங்களில் 12 வென்ற கோரி ஹெய்ம் மட்டும் ஓவர்டைமில் எப்படியோ தப்பித்தார். அவர் வென்றதும் நாங்கள் மகிழ்ச்சியடையவில்லை, பெருமூச்சுத்தான் விட்டோம்.

பந்தயம் என்றால் மனம் உடையத்தான் செய்யும் என்று நீங்கள் சொல்லலாம். அது எனக்கும் தெரியும். 1990 டேடோனா 500 கடைசிச் சுற்றில் டேல் எர்ன்ஹார்ட்டின் டயர் கிழிந்ததைப் பெரியவர் இன்றும் நேற்று நடந்ததுபோலச் சொல்வார். அந்தப் பந்தயத்தை வெல்ல எர்ன்ஹார்ட் 1998 வரை, இருபதாவது முயற்சி வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஏமாற்றத்தில் ஒரு நேர்மை இருந்தது. என் அப்பா காவிரிக் கரையில் நெல் பயிரிட்டவர். அறுப்பு நேரத்து மழையில் கதிர் சாய்ந்தால் வீட்டில் அடுப்பு எரியாது. ஆனாலும் அடுத்த பட்டத்துக்கு விதைநெல் எடுத்து வைப்பார். ஒருமுறை மேல்மடைக்காரர் ஒருவர் இரவில் மடையைத் திறந்துவிட, எங்கள் வயல் முழுகியது. அந்த ஆண்டு அப்பா விதைநெல்லைத் தொடவே இல்லை. மழையை மன்னித்தவருக்கு மடையை மன்னிக்க முடியவில்லை. பீனிக்ஸில் டயர் வெடித்தது மழை. 36 பந்தயங்களை ஒரே பந்தயமாகச் சுருக்கியது நீங்கள் திறந்துவிட்ட மடை.

இது எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2003இல் மேட் கென்செத் ஒரே ஒரு வெற்றியுடன் சாம்பியன் ஆனார். எட்டுப் பந்தயங்களை வென்ற ரயன் நியூமன் ஆறாவதாகத்தான் வந்தார். அடுத்த ஆண்டே நீங்கள் கடைசி 10 பந்தயங்களில் பட்டத்தை முடிவு செய்யும் சேஸ் முறையைக் கொண்டுவந்தீர்கள். அதுவும் போதாதென்று 2014இல் மூன்று பந்தயங்களுக்கு ஒருமுறை சிலரை வெளியேற்றி, புள்ளிகளை மறுபடி அடுக்கி, கடைசி நாளில் நால்வரை மட்டும் நிறுத்தும் முறை வந்தது. வெற்றிக்கு மதிப்புக் கூட்டுவதற்காக என்றீர்கள். அந்த முதல் ஆண்டிலேயே, வெற்றி எதுவும் இல்லாத அதே ரயன் நியூமன் கடைசி நாளில் இரண்டாவதாக முடித்து, பட்டத்தை ஒரே புள்ளியில் தவறவிட்டார். அன்றைக்கே நீங்கள் விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

விழித்துக்கொள்ளவில்லை. 2016 நவம்பரில் ஹோம்ஸ்டெட் திடலில் ஆண்டின் கடைசிப் பந்தயம். பட்டத்துக்கான நால்வரில் கார்ல் எட்வர்ட்ஸ்தான் முன்னால் இருந்தார். மஞ்சள் கொடிக்குப் பின், பத்துச் சுற்று மிச்சமிருக்கையில், பந்தயம் மறுபடி தொடங்கியது. உள்பக்கமாக வந்த ஜோயி லோகானோவை அடைக்கப் போய், மோதிச் சுவரில் நொறுங்கினார். காரைவிட்டு இறங்கியவர் நேரே லோகானோவின் பிட்டுக்கு நடந்து போய், அவருடைய அணிக்கு வாழ்த்துச் சொன்னார். இரண்டு மாதத்துக்குள், 2017 ஜனவரியில், பந்தயத்திலிருந்தே விலகிவிட்டார். விலகியதற்கு அவர் வேறு காரணங்களைச் சொன்னார், அவருடைய சொல்லை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நடை எங்கள் கண்ணைவிட்டு அகலவில்லை. 2011இல் டோனி ஸ்டூவர்ட்டுடன் புள்ளிகளில் சமமாக முடித்து, வெற்றிகளின் எண்ணிக்கையில் பட்டத்தை இழந்தவரும் இதே எட்வர்ட்ஸ்தான். அன்று கடைசிப் பந்தயத்தில் ஸ்டூவர்ட் முதலாவதாகவும் அவர் இரண்டாவதாகவும் வந்தார்கள். அந்தத் தோல்வியில் எவரும் குறை சொல்ல இடமில்லை. தோற்றவர் ஒருவரே, இரண்டு தோல்விகளுக்கும் எவ்வளவு வித்தியாசம்!

2020இல் கெவின் ஹார்விக் 9 பந்தயங்களை வென்றார், அந்த ஆண்டு வேறு எவரும் அத்தனை வெல்லவில்லை. கடைசிக்கு முந்தைய பந்தயம் நடந்த மார்ட்டின்ஸ்வில்லில் ஒரு மோசமான நாள். கடைசி நால்வருக்குள்கூட வரமுடியாமல் ஐந்தாவதாக முடித்தார். 2024இல் அதே மார்ட்டின்ஸ்வில்லில் நடந்ததை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. ஒரு புள்ளிக்காகச் சில ஓட்டுநர்கள் தங்கள் கூட்டாளிக்கு வழிவிட்டு மெதுவாக ஓட்டினார்கள். மூன்று அணிகளுக்கும் அவற்றின் ஓட்டுநர்களுக்கும் தலைக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம் விதித்தீர்கள், குழுத் தலைவர்களைத் தள்ளிவைத்தீர்கள். அபராதம் சரிதான். ஆனால் எட்டு மாத உழைப்பு ஒற்றைப் புள்ளியில் தொங்கும்படி கயிற்றைக் கட்டியது யார்?

பரபரப்பு இல்லாவிட்டால் பார்வையாளர் வரமாட்டார்கள் என்ற அச்சம் உங்களுக்கு இருந்தது. பெரியவர் எனக்குச் சொன்ன கதையை உங்களுக்கே திருப்பிச் சொல்கிறேன். 1992 நவம்பரில் அட்லாண்டாவில் அவர் நேரில் இருந்தார். யாரையும் வெளியேற்றாமல், புள்ளிகளை அழிக்காமல், முழு ஆண்டுக் கணக்கோடு நடந்த கடைசிப் பந்தயம் அது. ஆறு பேருக்குப் பட்டம் வெல்ல வாய்ப்பிருந்தது. முன்னணியில் இருந்த டேவி ஆலிசன் விபத்தில் சிக்கினார். மிச்சம் பில் எலியட்டும் ஆலன் குல்விக்கியும். சொந்தச் சிறு அணியை வைத்துக்கொண்டு பெரிய அணிகளோடு மோதியவர் குல்விக்கி. ஆறு பந்தயம் மிச்சமிருக்கையில் 278 புள்ளிகள் பின்தங்கியிருந்தவர். அதிகச் சுற்றுகள் முன்னணியில் ஓடியவருக்கு ஐந்து புள்ளி கூடுதல் என்று கணக்குப் போட்டு, எரிபொருளையும் எண்ணி எண்ணிச் செலவழித்து, 103 சுற்றுகள் முன்னணியில் ஓடினார். எலியட் 102. பந்தயத்தை எலியட் வென்றார். பட்டத்தைப் பத்தே புள்ளியில் குல்விக்கி வென்றார். அந்த ஒரு சுற்று இடம் மாறியிருந்தால் இருவரும் சமமாகி, அதிக வெற்றிகள் பெற்ற எலியட்டுக்குப் பட்டம் போயிருக்கும். பழைய ஜாம்பவான் ரிச்சர்ட் பெட்டியின் கடைசிப் பந்தயமும், பின்னாளில் ஜாம்பவானான ஜெஃப் கார்டனின் முதல் பந்தயமும் அதுதான். எட்டு மாதத்துக்குள் குல்விக்கியும் ஆலிசனும் விமான, ஹெலிகாப்டர் விபத்துகளில் மறைந்தார்கள் என்று சொல்லும் இடத்தில் பெரியவர் எப்போதும் கொஞ்சம் நிறுத்திவிட்டுத்தான் தொடர்வார்.

அந்தப் பரபரப்பை உங்களுக்கு முன்னே இருந்தவர்கள் எவரும் ஒரு அறையில் உட்கார்ந்து தயாரிக்கவில்லை. பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் சேர்ந்து அதைச் செய்தது.

2026 ஜனவரியில் நீங்கள் பழைய சேஸ் முறைக்குத் திரும்புவதாக அறிவித்தீர்கள். 16 ஓட்டுநர்கள், 10 பந்தயங்கள், வெளியேற்றம் கிடையாது, ஒரு வெற்றிக்கு 55 புள்ளிகள். அறிவிப்பைக் கேட்டபோது எனக்கு மகிழ்ச்சிதான். மனதாரச் சொல்கிறேன், நன்றி. 36 பந்தயங்களையும் எண்ண வேண்டும் என்று வாதாடிய முன்னாள் ஓட்டுநர் மார்க் மார்ட்டின் போன்றவர்களின் குரலுக்கு நீங்கள் பாதியாவது செவிசாய்த்திருக்கிறீர்கள். ஐந்து முறை இரண்டாம் இடம் வந்து ஒருமுறைகூடப் பட்டம் வாங்காதவர் அவர். 1990இல் விதிமீறல் என்று 46 புள்ளிகளைப் பறிகொடுத்து, 26 புள்ளி வித்தியாசத்தில் எர்ன்ஹார்ட்டிடம் தோற்றவர். புள்ளிகளின் அருமையை அவரைவிட அறிந்தவர் யார்?

ஆனால் அந்த அறிவிப்பில் ஒன்று விடுபட்டிருந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் நடந்தது தவறு என்று நீங்கள் வாய்திறந்து சொல்லவில்லை. ரசிகர்கள் கேட்டார்கள், மாற்றினோம் என்ற தொனிதான் என் காதில் விழுந்தது. கடையில் சரக்கை மாற்றி அடுக்குவதற்கும் ஒரு மனிதரிடம் போய் உங்களுக்கு எங்களால் தீங்கு நேர்ந்தது என்று சொல்வதற்கும் இடையில் தூரம் இருக்கிறது. ஹேம்லினின் தந்தை 2025 டிசம்பர் கடைசியில் வீட்டில் பற்றிய தீயில் இறந்துபோனார். அந்தத் துயரத்துக்கும் உங்கள் விதிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் ஒரு மகன் தந்தைக்குக் காட்ட விரும்பிய ஒன்று இனி அவருக்குக் காட்டக் கிடைக்காது. பதிவேட்டில் இருப்பதைத் திருத்தச் சொல்லவில்லை. லார்சனின் பட்டம் லார்சனுடையது, லவ்வின் பட்டம் லவ்வினுடையது. எட்வர்ட்ஸ், ஹார்விக், ஹேம்லின், ஸிலிஷ் ஆகியோரிடம், அவர்களுக்காக வண்டியைப் பிரித்துப் பூட்டிய பட்டறைத் தொழிலாளர்களிடம், குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு வேலியோரம் நின்ற எங்களிடம் ஒருமுறை சொல்லுங்கள்: விதி தவறாக இருந்தது, பொறுப்பு எங்களுடையது என்று.

இன்னொன்று. இந்த முறையை மறுபடியும் மாற்றாதீர்கள். மாற்றுவதாக இருந்தால் 36 பந்தயங்களையும் எண்ணும் திசையில் மட்டும் மாற்றுங்கள். தொலைக்காட்சி ஒப்பந்தம் புதுப்பிக்கும் காலம் வரும், பார்வையாளர் எண்ணிக்கை ஓர் ஆண்டு சரியும், யாராவது ஒருவர் செப்டம்பரிலேயே பட்டத்தை நெருங்கிவிடுவார். அப்போது உங்கள் கை மடையை நோக்கிப் போகும். போகக் கூடாது.

பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. 1980களிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் நாளிதழைப் பார்த்து, கோடு போட்ட நோட்டில் எல்லா ஓட்டுநர்களின் புள்ளிகளையும் பென்சிலால் எழுதிக் கூட்டி வைப்பார். ஆண்டுக்கு ஒரு நோட்டு. 2013 நோட்டுதான் கடைசி. அதன் பிறகு எழுதவில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை அழிப்பதை எதற்குக் கூட்டுவது என்று என்னிடம் கேட்டார், என்னிடம் பதில் இல்லை.

2026 டேடோனா 500 பந்தயத்துக்குச் சில நாட்கள் முன்பு அவர் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேசையில் ஒரு புது நோட்டு இருந்தது. அடிமட்டம் வைத்து ஓட்டுநர்களின் பெயருக்கு எதிரே கட்டம் போட்டுக்கொண்டிருந்தார். கடைசிப் பத்துப் பந்தயத்துக்குப் புள்ளிகளை மறுபடியும் அடுக்கிவிடுவார்களே, அதற்குத் தனிப் பக்கம் வேண்டாமா என்று கேட்டேன். அது அவர்கள் கணக்கு என்றார். அவருடைய நோட்டில் 36 கட்டங்கள் இருந்தன.

இப்படிக்கு,
கான்கார்டிலிருந்து ஒரு ரசிகன்