ஜூலியனின் நூலை வெளியிடும் பதிப்பகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். இங்கிலாந்தின் நார்விச் நகரில் வாழ்ந்த ஞானப்பெண் ஜூலியன் 1373இல் கண்ட தெய்வக் காட்சிகளைச் சொல்லும் நூலை நீங்கள் மறுபடி மறுபடி அச்சிடுவது மகிழ்ச்சியே. ஆனால் நான் வாசித்த பதிப்புகளில், அந்த நூலைக் காப்பாற்றித் தந்த கன்னியர்களுக்கு ஒரு வரிதான் கிடைக்கிறது, சிலவற்றில் அதுவும் இல்லை. அவர்கள் பெயர்களை முன்னுரையிலேயே போடுங்கள்.

அந்தக் கன்னியர்கள் வாழ்ந்தது 17ஆம் நூற்றாண்டில். இங்கிலாந்தில் மடங்களை மூடிவிட்டு, கத்தோலிக்க வழிபாட்டையே குற்றமாக்கிய காலம் அது. துறவு வேண்டும் என்ற பெண்கள் கடல் தாண்டித்தான் போகவேண்டும். அப்படித்தான் 1623இல், இன்றைய பிரான்சில் இருக்கும் காம்ப்ரே நகரில், பெனடிக்ட் துறவு சபையைச் சேர்ந்த ஆங்கிலக் கன்னியர் மடம் தொடங்கியது. முதலில் சேர்ந்தவர்களில் ஒருவர் கத்தோலிக்க நம்பிக்கைக்காக உயிர்விட்ட தாமஸ் மோரின் வழிவந்த ஜெர்ட்ரூட் மோர். படிப்படியாக வகுத்துக்கொடுத்த தியானமுறை அவருக்கு ஒட்டவே இல்லை. ஆகஸ்டின் பேக்கர் என்ற துறவி வந்து, நிதானமாகப் படி, மனதைத் தொடும் இடத்தில் நிறுத்தி ஜெபம் செய் என்று காட்டிய பிறகுதான் அவருக்கு வழி பிறந்தது.

சரி, படிக்க நூல் வேண்டுமே? 1629இல் பேக்கர், நூல் சேகரிப்பாளர் ராபர்ட் காட்டனுக்குக் கடிதம் எழுதி, பழைய ஆங்கில பக்தி நூல்களைக் கேட்டார். கைக்கு வந்ததைச் சகோதரிகள் படியெடுத்தார்கள், பிடித்த வரிகளைத் தங்கள் ஏடுகளில் சேர்த்தார்கள், அந்த வரிகளை வைத்தே ஜெபித்தார்கள். மார்கரெட் காஸ்காயினின் தியானக் குறிப்புகளில் ஜூலியனின் சொற்கள் இருக்கின்றன; பார்பரா கான்ஸ்டபிள் வருடக்கணக்கில் எழுதிக்கொண்டே இருந்தவர். ஜூலியன் தன் காட்சிகளைச் சுருக்கமாகவும் விரிவாகவும் எழுதினார்; அதில் விரிவான நூல் இன்று முழுதாகக் கிடைப்பது 17ஆம் நூற்றாண்டை ஒட்டிய படிகளில்தான். அவை இந்த நாடுகடந்த கன்னியர் வட்டத்தோடு தொடர்புடையவை என்றே ஆய்வாளர்கள் பெரும்பாலும் கருதுகிறார்கள். 1670இல் அதை முதன்முதலாக அச்சேற்றிய செரினஸ் கிரெஸியும் அவர்களுடைய பாரிஸ் கிளை மடத்தில் குருவாக இருந்தவர். நூலின் முகப்பில் அவர் பெயர் உண்டு, படியெடுத்த பெண்களின் பெயர் இல்லை.

1655இல் நடந்ததை மட்டுமாவது தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பேக்கரின் கையெழுத்து ஏடுகளில் தவறான போதனை இருக்கிறது, திருத்த வேண்டும், ஒப்படையுங்கள் என்று ஆங்கிலப் பெனடிக்ட் சபையின் தலைவர் கேட்டார். மடத்துத் தலைவி கேத்தரின் காஸ்காயின் கொடுக்க மறுத்துவிட்டார், சகோதரிகளும் அவர் பக்கம் நின்றார்கள். கீழ்ப்படிவதாக வார்த்தைப்பாடு கொடுத்த பெண்கள், மேலிடத்தின் முகத்துக்கு நேரே மாட்டோம் என்று சொல்வது எவ்வளவு பெரிய விஷயம்! தாங்கள் படித்து ஜெபித்த ஏடுகளை இன்னொருவர் வெட்டித் தருவதை அவர்கள் ஏற்கவில்லை.

அடுத்த பதிப்புக்கு முன்னுரை எழுதும்போது இவர்களுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். ஜெர்ட்ரூட் மோர் 1633இல், 27 வயதில், பெரியம்மையால் இறந்தார். அவர் எழுத்துகள் 1658இல் பாரிசில் அச்சாயின. தன் ஜெபமுறைக்காக அவர் அதில் வாதாடும் பகுதியையும் பின்னிணைப்பாகச் சேருங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகி