லிக்கரிஸ் குச்சியைத் தூக்கி எறிபவர்களுக்கு

பிரிட்டனில் இருக்கும் நம் ஆட்களே, முக்கியமாகப் பிள்ளையின் பார்ட்டி பையைத் துழாவி ஷெர்பெட் ஃபவுண்டனை (குழாய்க்குள் புளிப்புப் பொடியும் அதைத் தொட்டுத் தின்னக் கறுப்பு லிக்கரிஸ் குச்சியும் வருமே, அந்த மிட்டாயை) முதலில் சுருட்டிக்கொள்ளும் அப்பா அம்மாக்களே,

போன மாதம் ஒரு பிறந்தநாள் விழா முடிந்து மேசையைத் துடைக்கப் போனால் ஏழு கறுப்புக் குச்சிகள் கிடக்கின்றன, ஒன்றில்கூடப் பல் படவில்லை. எல்லோரும் குழாயை அண்ணாந்து கவிழ்த்துப் பொடியைத் தொண்டையில் கொட்டி, இருமி, கண் கலங்கி, "ஒரே புளிப்பு" என்று முகம் சுளித்தீர்கள். புளிக்காமல் என்ன செய்யும்?

அந்தப் பொடியில் இருப்பது சர்க்கரை, சமையல் சோடா, பழப்புளிப்புக்கான அமிலம், அவ்வளவுதான். எச்சில் பட்டதும் சோடாவும் அமிலமும் சேர்ந்து கரியமில வாயுவைக் கிளப்பும், கூடவே கொஞ்சம் வெப்பத்தையும் இழுத்துக்கொள்ளும், நாக்கு ஜில்லென்று ஆவது அதனால்தான். வாய் நிறையக் கொட்டினால் ஊறுகிற எச்சில் போதாது, பாதிப் பொடி பொங்காமலே உள்ளே போய்விடும். அளந்து எடுக்கத்தான் குச்சி. 1925-இல் வந்த இந்த மிட்டாய்க்கு அந்தக் காலத்தில் காகிதக் குழாய், குச்சியும் நடுவில் துளையுள்ளது, நுனியைக் கடித்துத் துப்பிவிட்டு உறிஞ்சுவார்களாம். துளை போய்க் குச்சி கெட்டியானது, 2009-இல் காகிதம் போய் பிளாஸ்டிக் வந்தது, பழைய ஆட்கள் இன்னும் அதற்கு மூக்கைச் சிந்துகிறார்கள். நான் பிளாஸ்டிக் பக்கம். இந்த ஊர் ஈரத்துக்குக் காகிதத்தில் இருந்தால் பொடி கட்டிதட்டிவிடும்.

சரி, எப்படிச் சாப்பிடுவது? மூடியைத் திறக்குமுன் குழாயை மேசையில் இரண்டு தட்டு. குச்சியின் நுனியை உதட்டில் ஒற்றினால் போதும், சப்பக் கூடாது, சப்பினால் பொடி பசையாகி ஒட்டிக்கொண்டு அடுத்த முறை எதுவும் ஏறாது. பொடிக்குள் விட்டு ஒரு திருகு, எடுத்து நடுநாக்கில் வைத்து வாயை மூடுங்கள், சிறுசிறென்று பொங்கி அடங்கும்வரை மெல்லவே வேண்டாம். நாலைந்து முறைக்கு ஒரு தடவை நுனியைக் கொஞ்சமாகக் கடித்துவிடுங்கள், கடித்த இடம் சொரசொரப்பாக இருப்பதால் பொடி நன்றாகப் பிடிக்கும், அதோடு அந்தப் புளிப்புக்கு மேல் லிக்கரிஸின் கனத்த இனிப்பு வந்து உட்காரும் பாருங்கள், அதற்காகத்தான் இந்த மிட்டாயே. மூக்கால் மட்டும் மூச்சை உள்ளே இழுத்துவிடாதீர்கள், அனுபவத்தில் சொல்கிறேன்.

"மருந்து வாசனை அடிக்கிறது" என்கிறீர்கள். அடிக்கும்தான், அது நம்ம அதிமதுரம்! ஊரில் தொண்டை கட்டினால் நாட்டு மருந்துக் கடையில் வாங்கி வாயில் அடக்கிக்கொள்வோமே, அதே செடியின் வேர்தான், இங்கே சாறெடுத்துக் காய்ச்சி மாவும் சர்க்கரையும் சேர்த்துக் குச்சியாக்கியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் யார்க்‌ஷயரின் பான்டிஃப்ராக்ட் ஊரில் இதைத் தோட்டம் தோட்டமாகப் பயிரிட்டிருக்கிறார்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மட்டும் தினமும் மெல்லாதீர்கள், அதிமதுரம் அழுத்தத்தை ஏற்றும். எப்போதாவது ஒரு குச்சி என்றால் பயமில்லை.

அதிமதுரம் ஆகவே ஆகாது என்றால் டிப் டாப் (Dip Dab) என்ற மிட்டாயை வாங்கிக்கொள்ளுங்கள், அதில் பொடியைத் தொட்டுக்கொள்ளக் குச்சிக்குப் பதில் ஸ்ட்ராபெர்ரி லாலிபாப் இருக்கும். ஆனால் வழுவழு லாலிபாப்பில் பொடி அவ்வளவாக நிற்காது, எனக்கு அது இரண்டாம்பட்சம்தான்.

குச்சி தீர்ந்தும் அடியில் பொடி மிஞ்சும், எனக்கே மிஞ்சும். அதைக் குளிர்ந்த தண்ணீரில் கொட்டி நுரை அடங்குவதற்குள் குடித்துவிடுங்கள். ஷெர்பெட் என்பதும் நம் நன்னாரி சர்பத்தில் வரும் சர்பத்தும் ஒரே சொல்தான், ஒரு காலத்தில் இங்கும் இந்தப் பொடியைத் தண்ணீரில் கலக்கித்தான் குடித்தார்கள்.

இத்தனைக்குப் பிறகும் எறியத்தான் போகிறீர்கள் என்றால், அடுத்த விழாவில் அந்தக் குச்சியை என் தட்டில் வைத்துவிடுங்கள். நீங்கள் நக்காததாக இருந்தால் மட்டும்.