வீட்டுக்கு வர்றவங்க வாயையும் பாக்கட்டும்: சுகாதாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கு, வணக்கமுங்க.

போன வாரம் எங்க தெருவுக்கு பிபி, சுகர் பாக்கற பொண்ணு வந்துச்சு. நல்ல பொண்ணு, எல்லாரையும் முறை சொல்லித்தான் கூப்பிடும், மாத்திரையைக் குடுத்துட்டு எப்ப சாப்பிடணும்னு ரெண்டு தடவை சொல்லிட்டுத்தான் போகும். எங்க அத்தை வீட்டுக்கும் போச்சு. அத்தைக்கு பாதித் தாடையை எடுத்தாச்சு, பேசறது வெளியாளுக்குப் புரியாது, தோள்ல துண்டோட உக்காந்திருந்தாங்க. அந்தப் பொண்ணு கையில பட்டையைக் கட்டி பிபி பாத்துச்சு, நோட்டுல எழுதுச்சு, வெளிய வந்து வாசப்படியில நின்னு அழுதுடுச்சு. "மாசாமாசம் வந்தேனே அக்கா, வாயைப் பாருன்னு எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கலையே"ன்னு கேட்டுச்சு. இதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்.

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். பிபி பாக்க வீட்டுக்கு வர்றவங்க வாயையும் திறக்கச் சொல்லிப் பாக்கணும். முப்பது வயசு தாண்டின எல்லாரையும், பொகையில பாக்கு போடறவங்கன்னா வயசு பாக்காம. ஒரு டார்ச், ஒரு கையுறை, கன்னத்தை ஒதுக்கிப் பாக்க ஐஸ் குச்சி மாதிரி ஒரு மரக்குச்சி, சாமான் அவ்வளவுதான்.

இது என் சொந்த யோசனை இல்லீங்க. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, வாய்ப் புத்துநோய், மார்பகப் புத்துநோய், கர்ப்பப்பை வாய்ப் புத்துநோய் இந்த அஞ்சையும் முப்பது வயசுக்கு மேல இருக்கற எல்லாருக்கும் பாக்கணும்னு மத்திய அரசு 2016லயே வழிகாட்டி போட்டிருக்கு, வாயை அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா பாக்கணும்னு அதுலயே இருக்கு. 2021 ஆகஸ்ட்ல வீட்டுக்கே வந்து பிபி, சுகர் பாக்கற மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சப்ப எங்க மாதிரி தறி ஓட்டற ஊருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்குத் தெரியும், ஆஸ்பத்திரிக்குப் போற ஒவ்வொரு நாளும் எங்களுக்கு கூலி போற நாள். 2023ல ஈரோடு, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, கன்னியாகுமரின்னு நாலு மாவட்டத்துல புத்துநோய் பரிசோதனையையும் தொடங்குனீங்க. ஆக உங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சவங்ககிட்ட கேக்க வேண்டியிருக்கேன்னுதான் கோவம் வருது.

அத்தை சின்ன வயசுலேர்ந்தே தறியில நின்னவங்க. நைட் ஷிப்ட்ல கண்ணு சொக்காம இருக்க பொகையில. இடது கன்னத்துக்கும் கடவாய்ப் பல்லுக்கும் நடுவுல ஒதுக்கி வெப்பாங்க, எப்பவும் அதே இடம். அந்த இடத்துலதான் மொதல்ல வெள்ளையா ஒரு திட்டு வந்துச்சு, சுண்ணாம்பு பட்டு வெந்திருக்கும்னு விட்டுட்டாங்க. அப்புறம் அதே இடத்துல புண்ணு. வலியே இல்ல. இந்த நோய்ல மோசமே அதுதான், ஆரம்பத்துல வலிக்காது, வலிக்காததை யாரும் வியாதின்னு எடுத்துக்க மாட்டாங்க. உடம்பு சூடுன்னு மணத்தக்காளிக் கீரை, தேங்காப்பால், மருந்துக்கடையில ஒரு ஜெல். டாக்டர்கிட்டயும் போனோம். வாயில புண்ணுன்னு சொன்னதும் பி காம்ப்ளெக்ஸ் எழுதிட்டாங்க, வாயைத் திறங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல, வெளிய அம்புட்டு கூட்டம். கொஞ்ச நாள்ல அந்தப் பக்கத்து பல்லு ஆடுச்சு, வேற ஒரு எடத்துல அதைப் புடுங்கி விட்டாங்க, புடுங்குன குழி ஆறவே இல்ல. அப்புறம் காதுல குத்தல், கீழ் உதட்டுல மரமரப்பு, வாய் ரெண்டு விரல் அளவுக்குக் கூட தொறக்கல. பெரிய ஆஸ்பத்திரியில சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பறதுக்குள்ள தாடை எலும்பு வரைக்கும் போயிருச்சு.

சாதாரண வாய்ப்புண்ணு ரெண்டு வாரத்துல ஆறிடும். ரெண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண்ணு, தேய்ச்சாலும் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட்டு மாதிரி செவப்புத் திட்டு, காரணமே இல்லாம ஆடற பல்லு, கழுத்துல கட்டி. இதைக் கண்ணால பாத்துத் தெரிஞ்சுக்கறதுக்கு பெரிய மெஷின் வேணாம், இது என்ன நோய்னு அந்தப் பொண்ணு முடிவு பண்ண வேண்டியதும் இல்ல, இது சரியில்ல, மேல காட்டணும்னு தெரிஞ்சா போதும்.

ஆபரேஷன் பண்ணி, நெஞ்சுல இருந்து சதையை மேல கொண்டுவந்து கன்னத்துல வெச்சுத் தைச்சாங்க, அப்புறம் கரண்ட் வெச்சாங்க, அதான் கதிர்வீச்சு சிகிச்சை. செலவு காப்பீட்டு அட்டையில போச்சு, அதுக்கு மனசார நன்றி. ஆனா எங்க அத்தை சாப்பிடறதை உங்கள்ல யாராவது ஒருத்தர் ஒரே ஒருக்கா வந்து பாக்கணும். மூக்கு வழியா டியூப். ராகி மாவைத் தண்ணியாக் காச்சி, பழைய வேட்டித் துணியில ரெண்டு தடவை வடிகட்டி, ஆற வெச்சு, பெரிய சிரிஞ்சுல ஊத்தி கொஞ்சங்கொஞ்சமா விடணும். ஒரு திப்பி போனாலும் டியூப் அடைச்சுக்கும், உடனே தண்ணி விட்டு எடுக்கணும், எடுக்க வரலைன்னா மறுபடி ஆஸ்பத்திரி. கொஞ்சம் வேகமா விட்டா இருமல் வந்து கண்ணெல்லாம் செவந்துரும். தையல் போட்ட பக்கம் உதடு மூடாது, எச்சில் கெட்டியா நூலு மாதிரி எறங்கும், அதைத் தொடைக்கத்தான் தோள்ல துண்டு. மாமா சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கிட்டு கொல்லைப்பக்கம் போய் உக்காந்துக்குவாரு, கொழம்பு வாசம் அத்தைக்கு வரக்கூடாதுன்னு. சொந்த அண்ணன் பேத்தி சீருக்குக் கூட அத்தை வரல. வெள்ளைத் திட்டா இருந்தப்ப பாத்திருந்தா ஆஸ்பத்திரிக்கு நடந்து போய், காட்டிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்திருப்பாங்க.

இப்படிப் பாத்தா பலன் இருக்குமான்னு கேக்கவே வேணாம். பக்கத்துல திருவனந்தபுரத்துல 1996ல ஆரம்பிச்சு, கிட்டத்தட்ட ஒரு லட்சத்து தொண்ணூறாயிரம் பேரை வெச்சு பாத்துட்டாங்க. டாக்டருங்க இல்ல, டிகிரி முடிச்ச சாதாரண ஆளுங்களுக்குப் பயிற்சி குடுத்து வீடு வீடா அனுப்பி வாயைப் பாக்க வெச்சாங்க. 2005ல லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகையில முடிவு வந்துச்சு, பொகையில, குடி பழக்கம் இருக்கறவங்க மத்தியில வாய்ப் புத்துநோய் சாவு மூணுல ஒரு பங்கு கொறைஞ்சிருக்கு. மூணுல ஒரு பங்குங்க! அதே வேலையைச் செய்யத்தான் ஊரு ஊருக்கு ஆளு இருக்காங்க, அவங்களுக்கு சம்பளத்தையும் நியாயமாக் குடுத்து, பயிற்சியும் குடுங்க. வாயைப் பாக்கச் சொல்லுங்க.

அத்தை வயசுக்காரங்களோட இது நிக்கலைங்கறதுதான் எனக்கு பயம். தறிப்பட்டறையில இருபது இருபத்தஞ்சு வயசுப் பசங்க கலர் பொட்டலத்துல பாக்கு போடறானுங்க, பொகையில இல்லைன்னா ஒண்ணும் ஆகாதுன்னு நெனப்பு. வெறும் பாக்கே புத்துநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புத்துநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004லயே சொல்லியாச்சு. பாக்குல இருக்கற சத்து கன்னத்து உள்தோலை நார் நாரா இறுக வெச்சிரும், மொதல்ல காரம் பட்டா எரியும், அப்புறம் கன்னம் பலகை மாதிரி ஆகி வாய் தொறக்காது. இறுகினது திரும்ப பழையபடி ஆகறது கஷ்டம், அதுலேர்ந்து புத்துநோயும் வரலாம். தன்னோட மூணு விரலை நிறுத்தி வாய்க்குள்ள வெக்க முடியுதான்னு பாத்தாலே சந்தேகம் தெரிஞ்சிரும். எங்க பட்டறையில ஒரு பையனுக்கு ரெண்டு விரல்தான் போகுது. கொழம்பை மோர் ஊத்தி சாப்பிடறான், கேட்டா காரம் ஆகாதுங்கறான். குட்காவுக்கு 2013லயே தடை போட்டீங்க, பெட்டிக்கடையில கண்ணைக் காட்டினா இன்னைக்கும் கைக்கு வருது, அதைக் கேக்க யாரு இருக்கா?

பல்லு விஷயம்னாலே நம்ம ஊர்ல அப்புறம் பாத்துக்கலாம்தான். தர்மபுரிப் பக்கம் தண்ணியில இருந்த ஃபுளோரைடால எத்தனை புள்ளைங்க பல்லு காவி படிஞ்சு, சரியா வெளக்கலைன்னு வீட்லயும் பள்ளிக்கூடத்துலயும் திட்டு வாங்கி, வாயைப் பொத்திக்கிட்டே சிரிச்சு வளந்துச்சுங்க. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் 2013லதான் வந்துச்சு. இன்னொரு பக்கம் பிடிஎஸ் முடிச்ச புள்ளைங்க வேலை தேடி கம்பெனிக்குப் போகுதுங்க, கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல பல் டாக்டர் எந்த நாள் வருவாருன்னு கேட்டா பதில் சொல்ல ஆள் இல்ல. வாய் உடம்புல சேராத உறுப்பா? பிபி ஏறினா மனுசன் சாவான்னு தெரிஞ்ச துறைக்கு வாயால சாவான்னு தெரியாதா?

கோவத்துல சத்தமா கேட்டுட்டேன், மன்னிச்சுக்கங்க. கேக்கறதைத் திரும்பவும் பணிவாவே கேக்கறேன். வீட்டுக்கு வர்றவங்க வருஷத்துக்கு ஒருக்காவாவது ஒவ்வொரு வாயையும் டார்ச் அடிச்சுப் பாக்கணும்னு எழுத்துல உத்தரவு போடுங்க, நாக்குக்கு அடியில, ரெண்டு கன்னத்து உள்பக்கம், உதட்டுக்குள்ள, ஈறு, எல்லாம். பாத்ததா நோட்டுல வெறும் டிக் போடறது வேணாம், என்ன தெரிஞ்சுதுன்னு எழுதட்டும். சந்தேகம்னா கையில ஒரு சீட்டு, எந்த ஆஸ்பத்திரி, எந்த நாள், யாரைப் பாக்கணும்னு அதுல இருக்கணும், போகலைன்னா போன் பண்ணிக் கேக்க ஒரு ஆள் இருக்கணும். பல்லு ஆடுதுன்னு வந்தா புடுங்கறதுக்கு முன்னாடி சுத்தி இருக்கற சதையைப் பாருங்கன்னு எல்லா டாக்டருக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்க. வாயில புண்ணுன்னு வந்தவங்களுக்கு வாயைப் பாக்காம மாத்திரை எழுதக் கூடாதுன்னும் அதுலயே சேருங்க.

எங்க தெருவுக்கு அந்தப் பொண்ணு அடுத்த மாசமும் வரும். அதுக்குள்ள ஒரு டார்ச்சும் ஒரு நாள் பயிற்சியும் குடுத்து அனுப்புங்க. மூணு விரல் போகாத அந்தப் பையனை நான் பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன், மத்த பட்டறைங்கள்ல இருக்கறவங்களை நீங்க பாத்துக்கங்க.

இப்படிக்கு,
காவிரிக்கரை தறிப்பட்டறைத் தெருவுல இருந்து ஒரு அண்ணன் மகள்