முதலில் குளிர் அறை, பிறகு காகிதம்

விமானச் சரக்கு முனைய நிர்வாகத்துக்கும் அங்கே பணியிலிருக்கும் சுங்க அலுவலர்களுக்கும் வணக்கம்.

வெளிநாட்டு ஆய்வகம் ஒன்று எங்களுக்கு உறைய வைத்து அனுப்பிய புரதப் பெட்டியின் கதை உங்களுக்குத் தெரியும். நான் எழுதிய மூன்று கடிதங்களும் உங்கள் கோப்பில்தான் இருக்கின்றன. ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை இரவு இறங்கியது. சனி, ஞாயிறு, புத்தாண்டு. செவ்வாய்க்கிழமை ஒரு கேள்வி. புதன்கிழமை அதே கேள்வி வேறொரு மேசையிலிருந்து. பிறகு புனித வெள்ளி. 21ஆம் தேதி பெட்டி எங்கள் கைக்கு வந்தது. உள்ளே வைத்து அனுப்பிய ட்ரை ஐஸ் நான்கு நாளுக்குத்தான் தாங்கும் என்று மேல் அட்டையிலேயே சிவப்பில் அச்சடித்திருந்தது.

திறந்தபோது வெள்ளைப் புகை வந்தது. "அப்பாடா, உறைஞ்சுதான் இருக்கு" என்று ஆய்வகமே மூச்சுவிட்டது. கிளியரிங் ஏஜென்ட் நல்ல மனிதர். அன்று காலைதான் தன் கைக்காசில் புது ட்ரை ஐஸ் வாங்கி நிரப்பியிருந்தார் என்பது எங்களுக்குத் தெரியாது. பெட்டிக்குள் இருந்த டேட்டா லாக்கரை, அதாவது வழிநெடுக வெப்பநிலையைப் பதிவுசெய்யும் கருவியை, அன்றே கணினியில் செருகிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்காதது என் தப்பு. மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன்.

அந்தப் பெட்டியில் இரண்டு குப்பிகள். ஹெபடைடிஸ் சி வைரஸின் இ2 உறைப்புரதத்தில் 417ஆம் இடத்தைச் சுற்றியுள்ள சிறு துண்டுகள், கரைசலாக. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி; 417 என்பது அதில் ஒரு மணியின் வரிசை எண். ஒரு குப்பியில் அந்த இடத்தில் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம், மற்றதில் அஸ்பார்டிக் அமிலம். வேறெந்த வித்தியாசமும் கிடையாது. எடையில் பார்த்தால் 1 டால்டன், ஏறக்குறைய ஒரு ஹைட்ரஜன் அணு அளவு. "இதுக்கா இவ்வளவு கூப்பாடு?" என்று உங்கள் அலுவலர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார். ஆமாம் சார், இதுக்குத்தான்.

நோய் எதிர்ப்பு வேலை செய்யும் ரத்த வெள்ளணுவான டி செல் வைரஸை முழுதாகப் பார்ப்பதில்லை. தொற்றிய செல் வைரஸ் புரதத்தை நறுக்கி, சின்னச் சின்னத் துண்டுகளைத் தன் மேற்பரப்பில் ஏந்திக் காட்டும். அதைத் தடவிப் பார்த்துத்தான் டி செல் 'இது வேற்றாள்' என்று முடிவுசெய்கிறது. இ2 புரதத்தின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் அடர்ந்திருக்கும். அவற்றில் ஒன்று இந்த 417ஆம் அஸ்பராஜினில் தொங்குகிறது. செல் புரதத்தைக் கழித்துக்கட்டும்போது ஒரு நொதி வந்து சர்க்கரையை வெட்டும். வெட்டிய கையோடு அஸ்பராஜின் அஸ்பார்டிக் அமிலமாக மாறிவிடும். மரபணுவில் ஒன்று எழுதியிருக்க, டி செல்லின் முன்னால் நிற்பது இன்னொன்று. 1996இல் தோல் புற்றுநோய்ப் புரதம் ஒன்றில் இதைக் கண்டுபிடித்தார்கள். நோயாளியின் டி செல்கள் மாறிய வடிவத்தைத்தான் அடையாளம் கண்டன. எங்கள் வைரஸ் துண்டிலும் அப்படித்தானா என்பதே என் நான்காண்டு வேலை.

இந்த மாற்றத்துக்கு நொதிதான் வேண்டும் என்றில்லை. சும்மா வெப்பமும் போதும். பக்கத்தில் கிளைசின் என்ற இன்னொரு அமினோ அமிலம் இருக்கும் அஸ்பராஜின் இருக்கிறதே, 37 டிகிரியில் அதில் பாதி மாறிப்போக ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். 417க்கு அடுத்தது கிளைசின். உங்கள் கொட்டகையில் அந்தப் பெட்டி ஐந்து நாள் 33 டிகிரியில் இருந்தது.

இனி நான் சொல்ல வந்தது. ஹெபடைடிஸ் சி தொற்றியவர்களில் நூற்றுக்குச் சுமார் 30 பேருக்கு மருந்தில்லாமலே ஆறு மாதத்துக்குள் வைரஸ் போய்விடும். அப்படித் தானாகக் குணமான ஒருவர், லாரி ஓட்டுநர், எங்களுக்கு ரத்தம் தர ஒப்புக்கொண்டார். இரண்டு பஸ் மாறி, வெறும் வயிற்றோடு வருவார். தேவையில்லை என்று சொன்னாலும் கேட்கமாட்டார். "என் ரத்தத்துல அப்படி என்னம்மா இருக்கு, எனக்கு மட்டும் தானா போச்சே?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். மே, ஜூன், ஜூலை என்று மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 50 மில்லி கொடுத்தார்.

அந்த ரத்தத்தின் செல்களோடு குப்பித் துண்டுகளைச் சேர்த்துப் பார்ப்போம்; டி செல் அடையாளம் கண்டால் நீலப் புள்ளி தெரியும். மூன்று முறையும் இரண்டு குப்பிக்குமே தட்டின் குழிகளில் நீலப் புள்ளிகள் பூத்தன. டி செல்லுக்கு இரண்டும் ஒன்றுதானோ என்று நினைத்து, ஒரு கருத்தரங்கச் சுருக்கம்கூட எழுதிவிட்டேன். என் நெறியாளருக்குச் சந்தேகம் வந்து, குப்பிகளை மூலக்கூறுகளின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு அனுப்பச் சொன்னார். அஸ்பராஜின் குப்பியில் அஸ்பராஜின் கொஞ்சம்தான் மிச்சம். பெரும்பகுதி 1 டால்டன் ஏறிக் கிடந்தது. அதில் ஒரு பங்கு நாங்கள் தேடிய அஸ்பார்டிக் வடிவமாக இருந்தாலே போதும், டி செல் விழித்துக்கொள்ளும். அப்போதுதான் இழுப்பறையைத் திறந்து லாக்கரை எடுத்தேன்.

அந்த லாரி ஓட்டுநருக்கு இதை எப்படிச் சொல்வது? இன்னும் சொல்லவில்லை.

பெட்டி வெப்பத்தில் வெந்த நாட்களுக்கும் சேர்த்து டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், வாங்கினீர்கள். ரசீதை வைத்திருக்கிறேன். அதே முனையத்தில் ஏற்றுமதி மீனுக்கும் பூவுக்கும் குளிர் அறை இருக்கிறது. மீன் கெட்டால் நாறும், எல்லோருக்கும் தெரியும். புரதம் கெட்டால் நாற்றம் வராது, அதுதான் அதன் துரதிர்ஷ்டம்.

'கொஞ்சம் வெப்பம், கொஞ்சம் வேதியியல், என்ன ஆகிவிடும்' என்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1966இல் அமெரிக்காவில், குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. வைரஸை ஃபார்மலின் என்ற ரசாயனத்தில் செயலிழக்கச் செய்து குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். பின்னர் அந்த வைரஸ் தொற்றியபோது, ஊசி போட்ட குழந்தைகளில் 80 விழுக்காட்டினர் மருத்துவமனையில் படுத்தார்கள். போடாதவர்களில் 5 விழுக்காடு. இரண்டு குழந்தைகள் இறந்தன. ஃபார்மலின் அந்தப் புரதத்தில் செய்த மாற்றங்கள் நோய் எதிர்ப்பைத் தப்பான பாதையில் திருப்பியது ஒரு காரணமாக இருக்கலாம் என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன.

எங்கள் பக்கம் ஒத்தாசை குறைவு என்பது உண்மை. 2024 ஜூலை பட்ஜெட்டில் ஆய்வக ரசாயனங்களுக்கு இறக்குமதி வரியை 10 விழுக்காட்டிலிருந்து 150 ஆக்கினார்கள். ஆய்வகங்கள் கத்தியபின் சில நாளில் இறக்கினார்கள். மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, அதுவும் வருகிற மாதத்தில் வரும். இதெல்லாம் உங்கள் மேசை விவகாரமில்லை, தெரியும். கை தன்னால் எழுதிவிட்டது, மன்னியுங்கள்.

நான் கேட்பது வரிவிலக்கோ தனிச்சலுகையோ இல்லை. எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேளுங்கள், எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். 'ஹெபடைடிஸ்' என்ற சொல்லைப் பார்த்துத் திடுக்கிட்டீர்கள், அதுவும் நியாயமே; உயிருள்ள வைரஸ் இல்லை என்ற சான்றிதழை இன்னொரு முறை தருகிறேன். ஆனால் வெப்பம் ஆகாது என்று எழுதிய பெட்டி இறங்கினால், அதை முதலில் குளிர் அறையில் வையுங்கள். காகிதம் பிறகு பார்க்கலாம். குளிர் அறை நிறைந்திருந்தால் ட்ரை ஐஸ் நிரப்ப எங்கள் ஆளை உள்ளே விடுங்கள், இரவு எந்நேரமானாலும் வருகிறோம்.

துண்டுகளை மீண்டும் செய்து தருவதாக அந்த வெளிநாட்டு ஆய்வகம் சொல்லியிருக்கிறது, இந்த ஒரு முறை மட்டும். பெட்டி அடுத்த மாதம் இரண்டாம் வாரம் இறங்கும். விமான எண்ணும் ஆவணங்களும் முன்கூட்டியே உங்களுக்கு வந்துசேரும். தயவுசெய்து முதலில் குளிர் அறையில் வையுங்கள்.

நன்றியுடன்,
முனைவர் பட்ட ஆய்வு மாணவி