வறண்ட ஆற்று மணலில் வேனை நிறுத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒரு தம்பதி கேம்பர் வேனில், அதாவது கட்டில், அடுப்பு பொருத்திய வேனில், ராஜஸ்தான் பாலைநிலத்தைச் சுற்றிவந்த கட்டுரையைத் தங்கள் ஞாயிறு இணைப்பில் படித்தோம். எழுத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உறுத்துவது படம். லூனி ஆற்றின் நட்டநடு மணலில் வேனை நிறுத்தி, பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு டீ குடிக்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அதைப் பார்த்து இங்கே கடலூரிலிருந்து கிளம்புகிறவர்களும் அதே மாதிரி மணலில் இறக்கிவிடுவார்களோ என்பதுதான் எங்கள் பயம்.

லூனி அஜ்மீர் பக்கம் ஆரவல்லி மலையில் பிறந்து, ஏறக்குறைய 500 கிலோமீட்டர் ஓடி, குஜராத்தின் கட்ச் ரண் என்கிற உப்புச் சதுப்பில் போய் அடங்குகிற ஆறு. வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் வெறும் மணல்தான். பாலைநில மண் இறுகிக் கிடக்கும், செடிகொடி குறைவு. அதனால் மேலே கொட்டுகிற மழை ஊறாமல் அப்படியே வழிந்து ஆற்றுக்கு வந்துவிடும். நீங்கள் நிற்கிற இடத்தில் வானம் வெளுத்திருக்கும், தண்ணீர் மட்டும் வரும். கடலூர்க்காரர்களுக்கு இதைப் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது, சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி திறந்தார்கள், பெண்ணையாற்றங்கரை மூழ்கியது. அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி நம் தலைக்கு மேல் பெய்த மழை இல்லை. 2006 ஆகஸ்டில் ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்துக் கவாஸ் கிராமமும் வெள்ளத்தில் மூழ்கியது. அடியில் ஜிப்சம் படிவம் இருந்ததால் தண்ணீர் உறிஞ்சப்படாமல் வாரக்கணக்கில் குளமாகத் தேங்கி நின்றது. பாலைவனம்தானே, வெள்ளம் எங்கே வரப்போகிறது என்று நினைக்கிறவர்கள் இந்த ஊரை நினைத்துக்கொள்ளலாம்.

பயணத்துக்கு ஏற்ற பருவம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. அப்போதும் மேற்கிலிருந்து வரும் காற்று மண்டலக் கலக்கத்தால் 'மாவட்' என்று அங்கே சொல்கிற குளிர்கால மழை உண்டு. ஆகவே எந்த மாதமானாலும் ஆற்றுத்தடத்தில் இரவு தங்கக் கூடாது, கரை மேட்டில்தான் தங்க வேண்டும். கரையோர மரங்களிலும் முள் புதர்களிலும் காய்ந்த வைக்கோல், பிளாஸ்டிக் பை, சுள்ளி சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். போன வெள்ளம் ஏறிய மட்டம் அதுதான். வண்டி அதற்கு மேலே நிற்க வேண்டும். முகப்பு வெளியேறும் பாதையைப் பார்த்திருக்கட்டும். இருட்டில் ரிவர்ஸ் எடுத்துத் தப்பிக்க முடியாது. ஓடுகிற தண்ணீர் முழங்கால் அளவுக்கு ஏறினாலே கார் இழுபடும். வேனுக்குப் பக்கவாட்டுப் பரப்பு அதிகம், தள்ளுவிசையும் அதிகம்.

பலோத்ரா என்ற ஊருக்குக் கீழே லூனித் தண்ணீர் உப்பு. குடிக்க முடியாது என்பதோடு முடிவதில்லை, மண்ணும் ஏமாற்றும். மேலே வெள்ளைப் பொருக்கு காய்ந்து கெட்டியாகத் தெரியும், அடியில் களிச்சேறு. மரக்காணம் உப்பள ஓரத்தில் கால் வைத்தவர்களுக்குத் தெரியும். இறங்கி நடந்து பாருங்கள். குதிகால் உள்ளே போனால் சக்கரமும் போகும்.

கட்டுரையில் வராத இன்னொரு ஆபத்து காற்றில் இருக்கிறது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்திய கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். காரணம் ஜெனரேட்டர் புகையிலிருந்து உள்ளே புகுந்த கார்பன் மோனாக்சைடு. அதற்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர் எழவே மாட்டார். ஜெனரேட்டர் எதற்கு வருகிறது? ஏ.சி.க்காகத்தான். 12 வோல்ட் (சரியாகச் சொன்னால் 12.8) 100 ஆம்பியர் ஹவர் லித்தியம் பேட்டரியில் இருப்பது சுமார் 1,280 வாட் ஹவர். ஒரு டன் ஏ.சி. அதை ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலான நேரத்தில் காலி செய்துவிடும். அதே பேட்டரியில் 40 லிட்டர் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ், ஒரு மின்விசிறி, விளக்கு, போன் சார்ஜ் எல்லாம் சேர்த்து ஒரு நாள் தள்ளலாம். 200 வாட் சோலார் தகடு நல்ல வெயிலில் 600, 700 வாட் ஹவர் திருப்பித் தரும். மீதியை வண்டி ஓடும்போது, இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து 30 ஆம்பியர் டிசி–டிசி சார்ஜர் வழியாக இரண்டு மணி நேரத்தில் ஏற்றிவிடலாம். குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு ஏ.சி. எதற்கு என்பதே எங்கள் கேள்வி. பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். பட்டறைகளில் இதைத்தான் அதிகம் விட்டுவிடுகிறார்கள்.

அங்கே இரவுக் குளிர் கடுமை. கதவை அடைத்து அடுப்பைப் பற்றவைத்தோ, கரித் தணலை உள்ளே வைத்தோ குளிர் காய்வது தற்கொலைக்குச் சமம். ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வை இரண்டு எடுத்துப் போங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் தலையணை உயரத்தில் இருக்கட்டும். எல்பிஜி கசிவு அலாரத்துக்கு இடம் தரையை ஒட்டி, ஏனென்றால் எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேதான் தங்கும். சிலிண்டர் வைக்கும் பெட்டியின் அடித்தளத்தில் வண்டிக்கு வெளியே திறக்கும் ஓட்டை போடுவதும் அதனால்தான். 5 கிலோ சிலிண்டர் இருவருக்குப் போதும், நிமிர்த்தி வைத்துக் கட்டுங்கள். மேடு பள்ளத்தில் ரெகுலேட்டரும் ட்யூபும் தளரும். ரெண்டு நாளைக்கு ஒரு முறை சோப்பு நுரை தடவிப் பார்த்தால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும்.

தண்ணீர் இருவருக்கு ஒரு நாளைக்குக் குடிக்க, சமைக்க, கழுவ 20 லிட்டர். நாம் வீட்டில் வாங்குகிற கேன் நாலு இருந்தால் நாலு நாள். அது 80 கிலோ எடை. கூரைமேல் ஏற்றினால் வளைவில் வண்டி சாயும். முன், பின் சக்கரங்களுக்கு நடுவே தரையோடு, இறுக்கிப் பூட்டும் ராட்செட் பெல்ட்டால் கட்ட வேண்டும். ஒரே பெரிய தொட்டி வேண்டாம், பாதி நிரம்பிய தொட்டி பிரேக் அடிக்கும்போது முன்னால் வந்து மோதும்.

மணலில் இறங்குவதற்கு முன் டயர் காற்றைத் தார் ரோட்டில் வைப்பதில் பாதிக்கு, வண்டி எடையைப் பொறுத்து 18 முதல் 25 பிஎஸ்ஐ வரை, இறக்குங்கள். டயர் நீளவாக்கில் பரவி மணலை மிதித்து ஏறும். சிக்கினால் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள். கடலூர் சில்வர் பீச்சில் சிக்கும் கார்களைக் கவனித்தால் தெரியும்: மிதிக்க மிதிக்கச் சக்கரம் தனக்குத்தானே குழி தோண்டி, கடைசியில் அடிவயிறு மணலில் உட்கார்ந்துவிடும், அப்புறம் டிராக்டர்தான். சக்கரத்துக்கு முன்னால் மணலைச் சரிவாக வெட்டி, தென்னை நார்ப் பாயை விரித்து, முதல் கியரில் மெதுவாக ஏற்ற வேண்டும். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு அடி சதுரப் பலகை இல்லாவிட்டால் ஜாக்கிதான் இறங்கும், வண்டி ஏறாது. வெளியே வந்ததும், தார் ரோட்டில் வேகம் எடுப்பதற்கு முன், காற்றை முழுசாக நிரப்புங்கள். குறைந்த காற்றில் ஓடினால் டயரின் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும். 12 வோல்ட் காற்று மெஷினை பேட்டரி முனையில் நேரடியாகக் கவ்வவிடுங்கள், சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸ் தாங்காது.

கட்டில், அடுப்பு பொருத்துவதும் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவின்படி வண்டியை மாற்றியமைப்பதாகலாம். ஆர்.டி.ஓ. அனுமதியோ, ஆர்சி புத்தகத்தில் பதிவோ இல்லாமல் மாற்றிய வண்டிக்கு விபத்து இழப்பீடு கேட்டால் இன்சூரன்ஸ்காரர் தகராறு செய்வார். வேலை தொடங்குவதற்கு முன்பே விசாரித்துக்கொள்வது மலிவு.

அடுத்த ஞாயிறு இணைப்பில் அந்தப் படத்தைக் குறிப்பிட்டு, 'ஆற்றுத்தடத்தில் இரவு தங்குவது ஆபத்து' என்று ஒரு வரியாவது போடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வேன் உள்வேலைப் பட்டறைக்காரர் இருவர்,
கடலூர் முதுநகர்.