கேபர் டாஸ்ல தூரம் கணக்கு இல்லைங்க

ஆசிரியருக்கு வணக்கம். கனடாவுல நடக்குற கிளென்கரி ஹைலேண்ட் கேம்ஸ்ங்கிற ஸ்காட்லாந்து பாரம்பரிய விளையாட்டு விழா பத்தி உங்க பேப்பர்ல வந்த செய்தியில, கேபர் டாஸ்ங்கிற தடி வீசுற போட்டியில தடிய யாரு ரொம்ப தூரம் வீசுறாங்களோ அவங்களுக்குத்தான் பரிசுன்னு போட்டிருந்தீங்க, அது அப்படி இல்லைங்க. கேபர்னு சொல்ற அந்த நீளத் தடிய செங்குத்தா தூக்கிட்டு ஓடி வீசும்போது மேல் முனை தரையில குத்தி, தடி அப்படியே குட்டிக்கரணம் போட்டு, வீசினவருக்கு நேர் எதிர்ல 12 மணி முள்ளு மாதிரி விழணும், எவ்வளவு நேரா விழுதோ அதுக்குத்தான் மார்க், தூரத்த யாரும் அளக்குறதே கிடையாது.

இன்னொன்னு, இது சும்மா கில்ட்ங்கிற ஸ்காட்லாந்து கட்டம் போட்ட பாவாடைய போட்டுட்டு போட்டோ எடுக்குற விழா இல்ல. 1784 வாக்குல இருந்தே ஸ்காட்லாந்து மலைநாட்டு ஜனங்க குடியேறின பகுதி அது, அவங்க பாஷையான கேலிக் பேசின ஊருங்க. 1948ல அங்க மேக்ஸ்வில்ங்கிற ஊர்ல ஆரம்பிச்ச இந்த கேம்ஸ்ல வட அமெரிக்க பைப் பேண்ட் (பேக்பைப் வாசிக்கிற குழு) சாம்பியன்ஷிப்பே நடக்குது, அதப் பத்தி ஒரு வரி கூட காணோம் (ஆனா சாப்பாட்டுக் கடைக்கு அரைப் பக்கம்!). அடுத்த வருஷமாவது பேண்ட் போட்டி ரிசல்ட்டையும் சேர்த்துப் போடுங்க.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகர்